அறுபது கிலோ இழுவை

நாள் 6 / 07:10
நிலவுத் தென்முனை நிலையம். எழுதுவது மருத்துவர் ஜெசிந்தா. காற்று, நீர், மின்சாரம் சரி. ஆட்கள் இருவர், முழங்கால் காயமும் இரண்டு. ஆறு நாளுக்கு முன் ஊர்தி கவிழ்ந்ததில் எனக்கும் பொறியாளர் இசக்கிராணிக்கும் வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. வலி போய்விடும். பிறகு குருத்தெலும்பு தேயாமல் காப்பதுதான் பெரிய வேலை.

நாள் 11 / 09:30
பூமியிலிருந்து: "நாள் 120-இல் இருவருக்கும் ஸ்கேன். மூட்டு யாருக்கு நன்றாக இருக்கிறதோ, அவர் வெயிலே படாத பள்ளத்தின் அடியில் உறைந்திருக்கும் பனியை ஆராய இறங்குவார். ஒருவருக்குத்தான் இடம்."
அந்தப் பள்ளத்துக்காகப் பதினோரு வருடமாகக் காத்திருக்கிறேன். இசக்கி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பூமியில் எல்லோரும் முதலில் அவளைத்தான் விசாரிக்கிறார்கள்.

நாள் 40 / 08:00
இங்கே உடல் எடை ஆறில் ஒரு பங்கு. அதனால் ஓடுபொறியில் ஸ்பிரிங் பட்டை இடுப்பைக் கீழே இழுக்கும். பூமி விதித்த உச்சவரம்பு நாற்பது கிலோ. அளவை மாற்றும் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. அடிபட்ட மூட்டுக்கு ஓய்வே மருந்து என்று புத்தகமே எழுதியவள் நான். எனக்குப் பத்து வைத்துக்கொண்டேன். அவளுக்கு அறுபது. பதிவேட்டில் எனக்குப் பத்து, அவளுக்கு நாற்பது என்று எழுதினேன்.

நாள் 52 / 13:20
இசக்கி நொண்டுகிறாள். முழங்கால் வீங்கியிருக்கிறது என்று காட்டினாள். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, போகப் போகச் சரியாகும் என்றேன். பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

நாள் 83 / 10:45
வீக்கம் வற்றிவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்து குழாய் மாட்டுகிறாள், சீழ்க்கை வேறு. நான் ஏணியில் ஏறினால் மூட்டுக்குள் நறநறவென்கிறது. தொடை சூம்பிவிட்டது. வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல.

நாள் 120 / 11:00
குருத்தெலும்பின் தடிமன். இசக்கி: 2.3 மில்லிமீட்டர். நான்: 1.6.
கெடுவான் கேடு நினைப்பான். அவள் காலைக் கெடுக்கவென்று ஏற்றிய பாரமே அதைக் காப்பாற்றியிருக்கிறது. பொத்திப் பொத்தி வைத்த என் கால் தேய்ந்துவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்காகவாம்.

நாள் 127 / 09:05
இசக்கி பள்ளத்தில். பூமியிலிருந்து: "உங்கள் நாற்பது கிலோ முறை அருமை. இன்னொரு நிலையத்தில் இருவருக்கு இதே காயம். நாளை தொடங்குகிறோம். அளவை உறுதிசெய்யவும்."
நாற்பது என்றால் அந்த இருவருக்கும் என்ன ஆகுமோ தெரியாது. அறுபது என்றால் என் திருட்டு வெளியே வரும். இன்னும் பதில் அனுப்பவில்லை.

நாள் 127 / 10:50
பூமியின் கேள்வி இசக்கிக்கும் கேட்டிருக்கிறது. எங்கள் இருவருக்கான தனி அலைவரிசையில் வந்தாள்:
"அக்கா, அது அறுபதுல்லா? ஸ்பிரிங்க மாட்டுறவ நான், எனக்குத் தெரியாதா? கீழ பூமில உள்ள டாக்டர்மாரு விடமாட்டாங்கன்னுதான நாப்பதுன்னு எழுதுனீங்க. ஒங்க எடத்தையும் எனக்கு விட்டுக் குடுத்துட்டீங்க. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா. இப்பவாவது சொல்லிருங்கக்கா, அந்த ரெண்டு பேரு காலும் பொழைக்கட்டும்."

நாள் 127 / 11:40
அறுபது என்று அனுப்பிவிட்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள். இசக்கி சொன்ன காரணத்தையே சொன்னேன். அங்கே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
என்னைப் போய் நல்லவள் என்று நம்ப அவளால் முடிகிறது. அந்த மனசின் மீதும் பொறாமையாக இருக்கிறது.
இதைக் கண்டெடுப்பவரே, நான் அந்தக் காலை முடமாக்கத்தான் அறுபது வைத்தேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவளிடம் மட்டும் வேண்டாம்.
மன்னித்துத் தொலைப்பாள்.