நாலு நாள் என்று நான் சொன்னது

கணக்கப்பிள்ளை,

இன்று காலை கண்டி ரயில் கொட்டகையில் ஒரு சாக்கு கிழிந்து, நனைந்த கோப்பிக் கொட்டை என் காலடியில் கொட்டியது. புளித்த கள்ளும் பழைய கோணியும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், உன் மண்டை உடைந்த பகல் அப்படியே எழுந்து வந்து நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் நான் மாமா. ரயில் வருமுன் இந்த மலைநாட்டுக் கோப்பி முழுவதையும் கொழும்புக்கு இறக்கியவன் நான் ஒருவன்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

"மாமா, அந்தப் பண்டகசாலைச் சண்டையைச் சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். பதினொரு பேரை அடித்துப் போட்டேன்.

"போன மாசம் ஏழு பேருதானே மாமா?"

"மிச்ச நாலு பேரும் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தானுங்க. இப்பத்தான் ஞாபகம் வருது."

சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய். "கங்காணி சொல்லுறதை நாலாப் பிரிச்சு ஒரு பங்கை எடுத்தாக் காணும்" என்று உன் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாய். வண்டிக் கங்காணியாக இருந்த நான் என்னிடம் நாற்பது வண்டி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ பத்து என்று எழுதினாய். பத்துதான் இருந்தன.

வாவிக்கரையில் வெள்ளைக்காரத் துரையின் வண்டிக் கம்பனிக் கந்தோர், நீ உட்கார்ந்து எழுதுகிற அலுவலகம். தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்ப்பது எங்கள் தொழில், வரவு செலவு பார்ப்பது உன் தொழில். துரைக்கு இங்கிலீசுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தாய். அரிச்சுவடியைப் பாதியில் விட்டு ஓடி வந்த என்னைப்போன்ற வண்டிக்காரர்களுக்காகச் சுவரில் வேறொன்று வைத்திருந்தாய். பத்து ஷில்லிங் கூலி வந்தால் ஒரு கோப்பிக் கொட்டை. அதைக் கயிற்றில் கோர்ப்பாய். மாதத்துக்கு ஒரு கயிறு, வரிசையாக ஆணியில் தொங்கும். பழம் பறிக்கிற மாதங்களில் கயிறு நிலத்தைத் தொடும். மழை மாதங்களில் முழ நீளம் வந்தால் பெரிது. தூரத்தில் நின்று பார்த்தால் கொட்டைகளின் அடிவரிசை ஒரு மலையும் பள்ளமுமாகத் தெரியும்.

"தனிக்கயிறு ஒண்டும் சொல்லாது. பன்னிரண்டைப் பக்கத்தில பக்கத்தில தூக்கினாத்தான் வாய் திறக்கும்" என்பாய்.

அந்த வருடம் அது வாய் திறந்தது. பழக்காலம் உச்சத்தில் இருந்தது, வண்டிகள் ஓயாமல் ஓடின, கயிறு மட்டும் மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டு வந்தது. கொழும்பில் மூட்டையை அவிழ்த்தால் கொட்டை ஈரமாக இருந்தது. யாரோ கொட்டையை அள்ளிவிட்டு, எடைக்குத் தண்ணீரைத் தெளித்திருந்தார்கள். அங்கே காயவைத்து நிறுத்து, குறைந்ததற்கு எங்கள் கூலியில் பிடித்தார்கள்.

துரை கந்தோருக்கு வந்தார். கயிற்றைப் பார்த்தார். என் வண்டிக்காரன் முத்துவின் முகத்தில் பிரம்பால் இழுத்தார். கன்னம் பிளந்து பல் தெரிந்தது. அடுத்த மாதக் கயிறும் இப்படித் தொங்கினால் வண்டிகளை விற்றுவிட்டு எங்கள் அத்தனை பேரையும் திருடர்கள் என்று மறியலில் அடைத்துக் கம்பி எண்ண வைப்பேன் என்றார். பத்துக் குடும்பம். என்னோடு பதினொன்று. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

அன்றைக்கே நீ கயிறுகளை அவிழ்த்து, இங்கிலீசுப் புத்தகத்தைப் பார்த்து, பாதைக்கு ஒரு கயிறாகத் தரையில் பிரித்துக் கோர்த்தாய். கலகெதரையில் ஏற்றி குருநாகல் வழியாகப் போன மற்றக் கங்காணிகளின் வண்டிகளின் வரவு குறையவே இல்லை. கண்டிப் பண்டகசாலையில் ஏற்றி, கடுகண்ணாவைக் கணவாய் இறங்கிய என் வண்டிகளில்தான் அடி.

"ரெண்டில ஒண்டு" என்றாய். "ஏத்தும்போது தராசில போகுது. இல்லாட்டி வழியில போகுது. வழியில மூட்டையை அவிழ்த்து, அள்ளி, திரும்பத் தைக்க நேரம் வேணும். எத்தினை நாளில கொழும்புக்குப் போறாய்?"

"நாலு நாள்" என்றேன்.

என் ஆட்கள் சுற்றி நின்றார்கள். இந்தப் பாதையில் என்னைவிட வேகமாக ஓட்டுகிறவன் கிடையாது என்று அவர்களை வைத்துக்கொண்டே ஊர் முழுவதும் பேசியவன் நான். உண்மையில் ஆறு நாள். கடுகண்ணாவைத் தவறணையில் சாராயம் நன்றாக இருக்கும். மாட்டுக்கு ஓய்வு என்று சொல்லி அங்கே இரண்டு நாள் கிடப்போம். வண்டிகள் பின்கொல்லையில் கிடக்கும், காவலுக்கு ஆள் கிடையாது.

நீ என்னை உற்றுப் பார்த்தாய். "கொம்பைப் பிடிச்சுச் சொல்லு."

வண்டிக்காரன் தன் மாட்டின் கொம்பைப் பிடித்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது என்பது எங்களுக்குள் உள்ள வழக்கம். வாசலில் என் மயிலைக் காளை நின்றது. போய் அதன் கொம்பைப் பிடித்தேன். "நாலு நாள்" என்றேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என் பேச்சை நீ நாலாகப் பிரிக்கவில்லை.

மறுநாள் நடுப்பகல் பண்டகசாலை முற்றத்தில் எங்கள் வண்டிகளுக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. தராசுக்காரன் சின்னையா இரும்புப் படிக்கல்லைத் தூக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். நீ என் வண்டிகளின் குட்டைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவன் முன்னால் போய் நின்றாய். இருபது பேர் பார்க்க, "சின்னையா, குறை உன்ரை தராசில" என்றாய்.

"என்னையா திருடன்னு சொல்றீங்க?"

"நான் சொல்லேல்லை. கயிறு சொல்லுது."

"எம் புள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன் ஐயா. ஒரு கொட்டை தொட்டதில்ல."

அவன் என் பக்கம் திரும்பினான். "கங்காணி, நீங்களாவது சொல்லுங்க."

நான் இரண்டு வண்டி தள்ளி நின்றேன். ஆறு என்ற ஒரு சொல் போதும். முத்து முகத்தில் கட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து மாட்டின் பூட்டாங்கயிற்றை இறுக்கினேன்.

நீ அவன் மடியைச் சோதிக்கக் கை நீட்டினாய். சின்னையா படிக்கல்லோடு கையை வீசினான். பூசணிக்காய் கல்லில் விழுந்த சத்தம். நீ மூட்டைமேல் சரிந்தாய், இரத்தம் சாக்கின் வழியே கொட்டைக்குள் இறங்கியது. அவன் படிக்கல்லைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கையைத்தான் நான் உடைத்தேன். மாட்டுக் கழியால் முழங்கைக்குக் கீழே மூன்று அடி. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த பிறகும் நிறுத்தவில்லை. தலையிலும் அடித்தேன். ஒரு காதில் பாதி கழியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கவில்லை. பதினொரு பேர் என்று நான் சொல்வது அவன் ஒருவனைத்தான்.

உன்னை வண்டியில் போட்டுக் கந்தோருக்குக் கொண்டு வந்தோம். சாயங்காலம் கண் திறந்தாய். மற்றவர்களை வெளியே போகச் சொன்னாய்.

"கங்காணி, எத்தினை நாள்?"

"ஆறு" என்றேன்.

"அப்ப களவு கடுகண்ணாவையில" என்றாய். பிறகு, "கயிறு பிழை சொல்லேல்லை" என்றாய். என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். விடியுமுன் உன் மூச்சு நின்றது.

குண்டசாலைப் பக்கம் ஆற்றங்கரையில் உன்னை எரித்துவிட்டு, சாம்பல் ஆறுமுன் கடுகண்ணாவைக்குப் போனேன். தவறணையின் பின்னறையில் சாக்குத் தைக்கிற ஊசியும் எங்கள் மூட்டைகளிலிருந்து அள்ளிய கொட்டையும் கிடந்தன. பீப்பாய்களைப் பிளந்தேன். கடைக்காரனை அவன் சாராயத்திலேயே முகம் அமுக்கி, குமிழி நிற்கும்வரை பிடித்திருந்தேன். முத்து என்னை இழுத்துப் போட்டிராவிட்டால் அவனும் செத்திருப்பான். திருட்டு அன்றோடு நின்றது. அடுத்த மாதக் கயிற்றை நானே கோர்த்தேன். அது நிலத்தைத் தொட்டது. துரை என் தோளில் தட்டினார். அவரிடம் ஆறு நாளைச் சொல்லவில்லை, சொன்னால் பத்து வண்டியும் போகும். சின்னையா திருடனும் கொலைகாரனுமாக மறியலுக்குப் போனான். சீழ் பிடித்த கையோடு அங்கேயே செத்தான் என்று கேள்வி.

அந்தக் கயிறு, நீ கையில் பிடித்திருந்தது, இன்றும் என் மடியில் இருக்கிறது. இரத்தம் பட்ட கொட்டைகள் மற்றதைவிடக் கறுப்பு. கதை சொல்லும்போது தடவிப் பார்ப்பேன்.

இன்று கதை முடிந்ததும் ஒருவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டான். "அந்தத் தராசுக்காரன் பெரிய திருடன் போல, மாமா?"

இத்தனை வருடம் இதற்கு ஆமாம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். நனைந்த கொட்டை காலடியில் நாறிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றேன். "அவன் ஒண்ணும் எடுக்கல. நாங்க கடுகண்ணாவையில குடிச்சுக் கிடந்தோம். கொழும்புக்கு ஆறு நாள் போனோம். நான் நாலுன்னு சொன்னேன்."

அடுத்து எண்ணிக்கை ஏறும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். ஏறவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆறுதானா மாமா?"

"ஆறுதான்."

ஒவ்வொருவராக எழுந்து மூட்டைக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளை, இந்த ஆறை நீ பிரிக்க வேண்டியதில்லை. அப்படியே எழுதிக்கொள்.