சும்மா நின்ற இரண்டு விரல்கள்

அண்ணா,

இன்று காலை பேனாவின் முனையைக் கழற்றி மாற்றினேன். மைப் பேனா இல்லை, கணினிப் பலகையில் வரைகிற பேனா. "மையே இல்லாத பேனாவுக்கு இம்புட்டுப் பவுசா?" என்று கேலி செய்வாயே, அதுதான். பிளாஸ்டிக் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து போயிருந்தது. உன் இடது கையை வரைந்து வரைந்தே தேய்ந்த முனை அது. குப்பைக் கூடை வரைக்கும் கொண்டு போனேன். போட மனம் வரவில்லை. அப்படியே நின்று அழுதேன்.

ஒன்பது வயது மூத்த உன்னை 'நீங்க' என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பாள்! என் வாயில் அது வந்ததே இல்லை. இப்போதும் வரவில்லை.

நான் கண்டியில் படிக்கிற படிப்பு என்னவென்று நீ முதல் தடவை கேட்டது நினைவிருக்கிறது. கலஹா பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக்கு ஏறுகிற படிகளில் என் பையை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி, அதன் மேலேயே கோடு இழுத்து வரைய வேண்டும், ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம், வரிசையாக ஓட்டினால் வரைந்த மனிதர் நடப்பார் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது காப்பி அடிக்கிறதுதானே? அதுக்கா பாப்பா அவ்வளவு தூரம் போற?" என்றாய். எனக்கு மூக்கு மேல் கோபம். மேல் படி வரைக்கும் உன்னோடு பேசவில்லை. "சண்டைக்காரி, சண்டைக்காரி" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாய்.

இறுதியாண்டுக் குறும்படத்துக்கு உன்னைத்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நீ எனக்குச் சடை பின்னிவிடுவதை எடுக்க நினைத்தேன். அம்மா விடிந்ததும் கொழுந்து பறிக்க ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கிளப்பிவிட்டதெல்லாம் நீ. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டுகிற ரோலர் உன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை எடுத்தபோது எனக்குப் பத்து வயது. கட்டுப் பிரித்த மறுநாளே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். அந்தப் பின்னல் முதல் மணி அடிக்கும் முன்பே அவிழ்ந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து குதியோ குதியென்று குதித்தேன். நீ ஒரு சாக்குக் கயிற்றை மூன்றாகப் பிரித்து ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பின்னிப் பார்த்தாய். அதற்குப் பிறகு எந்தப் பின்னலும் அவிழவில்லை.

ஆனால் கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தக் கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். நம் வீட்டு அல்பத்தில் அது தெரிகிற ஒரு படமும் இல்லை.

போன சித்திரை லீவில் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வெயில் விழுகிற பக்கமாகக் கதிரையைப் போட்டு, பால்மா டின்னுக்கு மேல் போனை நிறுத்தி வைத்தேன். நீ நீலச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாய்.

"கை தெரியுமா?" என்றாய்.

"தெரியும்."

கதிரைக்குப் பின்னால் போய் நின்றாய். "சரி, எடு."

பின்னி முடிக்க நாற்பது விநாடி. நானூற்று எண்பது படங்கள். பிலிமத்தலாவையில் என் போர்டிங் அறையில் உட்கார்ந்து முதல் படத்தை வரையத் தொடங்கினேன். என்னோடு அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இது ஆர், உன்ர அண்ணாவோ?" என்று கேட்டாள். "ம்" என்று சொல்லிவிட்டுத் திரையைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் போன பிறகு என் இடது கையை மேசையில் விரித்து வைத்து, அதைப் பார்த்தே உனக்கு இரண்டு விரல்கள் வரைந்தேன். அடுத்த படத்திலும் வரைந்தேன். நிஜத்தில் கொடுக்க முடியாததைப் படத்திலாவது கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானூற்று எண்பது படத்திலும் உனக்குப் பத்து விரல். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அசைவு வழுக்கிக்கொண்டு போகிறது என்று மிஸ் பாராட்டினார். "கை நல்ல வடிவா வந்திருக்கு" என்றாள் அறைத்தோழி.

அடுத்த சனிக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நான் உண்மையாகவே நம்பினேன், அண்ணா. நீ முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்தாய். மறுபடியும் போடச் சொன்னாய்.

"இந்த ரெண்டு வெரலும் சும்மா நிக்குதே பாப்பா. ஒரு வேலயும் செய்யலயே."

நான் பார்த்தேன். முடி அந்த இரண்டு விரல்களுக்குள்ளே புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. இத்தனை பேர் பார்த்தும் யாருடைய கண்ணிலும் அது படவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்!" என்று கத்தினேன்.

"ஒனக்கு வெக்கமா இருக்கா?" என்று கேட்டாய். குரலில் கோபமே இல்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. ஒனக்குப் படத்தப் பத்தி என்னா தெரியும்?" என்று கணினியை மூடினேன். அன்று பின்னேர பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். நீ பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாய். கையசைத்தாயா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம். அப்புறம் அந்தக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தபோது சேலைன் ஊசியை உன் இடது கையில் ஏற்றியிருந்தார்கள். போர்வைக்கு வெளியே, எல்லோரும் பார்க்க, அந்தக் கை கிடந்தது. 'திரும்ப வரைகிறேன், அண்ணா' என்று சொல்லத்தான் பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

"படம் முடிஞ்சிருச்சா?" என்றாய்.

"முடிஞ்சிருச்சு." ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"நல்லாருக்கும்" என்று கண்ணை மூடினாய். இரண்டாம் நாள் நீ இல்லை.

கருமாதி முடிந்து வகுப்புக்குப் போனபோது படத்தை ஒப்படைக்கப் பதினொரு நாள் இருந்தது. இருக்கிறபடியே கொடுக்கலாம், நல்ல புள்ளி கிடைக்கும் என்றார் மிஸ். நான் பழைய கோப்பைத் திறந்து, உன் கையை எல்லாப் படத்திலும் அழித்தேன். "பாஸாகிற நேரத்தில ஏனடி திரும்பக் கீறுறாய்?" என்று அறைத்தோழி பதறிப்போனாள். அப்போதுதான் அவளுக்கு வீடியோவைக் காட்டினேன். ரோலரைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் கதிரையை இழுத்துப் போட்டு, "நீ கையைக் கீறு, நான் தலைமயிருக்கு நிறம் தீட்டுறன்" என்றாள்.

அந்தப் பதினொரு நாளில்தான் உன் கையை நான் ஒழுங்காகப் பார்த்தேன். இல்லாத இரண்டு விரலுக்கு இடம் செய்வதற்காக, இருந்த நடுவிரலை நான் நிமிர்த்தி வரைந்திருந்தேன். நிஜத்தில் அதை நீ கொக்கி போல வளைத்து, ஒரு கற்றையை அதிலே மாட்டி இழுத்துப் பிடித்திருந்தாய். சாக்குக் கயிற்றில் நீ கண்டுபிடித்தது அதைத்தானே! உன் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் நான் அழித்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத இரண்டு விரலைக் கொடுத்திருக்கிறேன். வீடியோவின் தொடக்கத்தில், தேவையில்லை என்று வெட்டிவிட்ட சில விநாடிகளும் இருந்தன. கமெராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், பையிலிருந்து கையை மெதுவாக வெளியே எடுக்கிறாய். அதையும் வரைந்தேன். படம் இப்போது அங்கேதான் தொடங்குகிறது.

போன கிழமை மண்டபத்தில் படங்களைக் காட்டினார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். படம் முடிந்ததும் பின்னால் இருந்த ஒரு மாணவன் எழுந்து, வரையும்போது இரண்டு விரல் விடுபட்டுவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டான். பாவம், கிண்டலாகக் கேட்கவில்லை. நான் எழுந்து நின்று, ஒன்றும் விடுபடவில்லை, அது என் அண்ணனின் கை, தேயிலைத் தொழிற்சாலையில் போன விரல்கள், அந்தக் கையால்தான் என் தலையைப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினான் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

கலஹாவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் இருக்கையில இத அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லம்மா" என்றேன்.

நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய், அண்ணா. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இனி அந்தக் கையைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன். கேட்ட உனக்கு மட்டும் சொல்லாமல் விட்டேன்.

உன்,
சண்டைக்காரி