ஏழாம் வகுப்பு மாணவியிடம் பள்ளியின் கடவுச்சொல்

அனுப்புநர்
த. ரம்யா, பி.காம்.,
ஏரிக்கரைத் தெரு, மேலேரிப்பாக்கம்,
கவரைப்பேட்டை வழி, கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: பள்ளி அலுவலகக் கணினி வேலையை என் மகளைக் கொண்டு செய்தது – அதில் இன்னொரு மாணவியின் பெயர் நீங்கியது – சரிசெய்து தர வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் நந்தினி எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். என் பழைய மடிக்கணினியில் நான்தான் அவளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். ஜூலையில், வருகைப் பதிவை இணையத்தில் ஏற்றும் ஆசிரியை விடுப்பு என்று, ஒரே ஒரு நாளைக்குத் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். அந்த ஒரு நாள் செப்டம்பர் வரை நீண்டது. தினமும் கணக்குப் பாடவேளையில் அவள் அலுவலக அறையில்தான் இருந்தாள். கடவுச்சொல் பீரோ கதவில் ஒட்டிய அட்டையில் இருக்கிறது.

2. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு. பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கம்ப்யூட்டர்லாம் நாம சொல்லித் தரணுமாம்மா? தெரிஞ்சிக்கினேதான் பொறக்குதுங்க" என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இடைப்பருவத் தேர்வில் கணக்கில் இருபத்து மூன்று மதிப்பெண் வந்த பிறகுதான் உறைத்தது.

3. அவளது வகுப்புத் தோழி ரோஜா, மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் பழவேற்காட்டில் மாமா வீட்டில் இருந்தாள். தலைமை ஆசிரியர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே, வராத பெண்ணை எடுத்துவிடு என்று நந்தினியிடம் சொல்லியிருக்கிறார். அன்றைய வருகையிலிருந்தா, பள்ளியிலிருந்தேவா என்று கேட்கப் பயந்து, "பள்ளியை விட்டு நீங்கியவர்" என்பதை இவள் அழுத்திவிட்டாள். உறுதியா என்று திரை கேட்டதாம். ஆம் என்று அழுத்தினாளாம். பன்னிரண்டு வயது, ஐயா.

4. ரோஜா உடம்பு தேறி வந்தபோது பட்டியலில் பெயர் இல்லை. காலாண்டுத் தேர்வில் உட்கார வைக்கவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் அம்மா பச்சையம்மா, தொழிற்பேட்டை கேன்டீனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "உன் பொண்ணு அயிச்ச பேருதானேம்மா, அவளாண்டயே சொல்லி எய்தச் சொல்லேன்" என்றார். உள்ளே நந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள்.

5. தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். அனுமதி இல்லாமல் தானாகவே கணினியைத் திறந்ததாக நந்தினி கைப்பட எழுதித் தந்தால், பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு மேலே அனுப்புவாராம். அப்படி ஒரு பொய்யை என் மகள் எழுத மாட்டாள். நானும் எழுத விட மாட்டேன்.

6. ஆகவே, முதலில் ரோஜாவின் பெயரைச் சேர்க்கவும், விட்டுப்போன தேர்வை அவள் எழுத வழி செய்யவும், என் மகளிடம் கடிதம் கேட்பதை நிறுத்தவும், இந்த வேலைக்குப் பெரியவர் ஒருவரை நியமிக்கவும் வேண்டுகிறேன். நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்ப்பது தங்கள் அலுவலகத்தில் மட்டுமே முடியும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நேற்றுகூடத் தலைமை ஆசிரியர் போன் செய்து, "நந்தினியை அனுப்புங்க, அவளே ஏதாவது வழி கண்டுபிடிப்பா" என்கிறார். நான் அனுப்பவில்லை. இந்த ஒரு பெயரையாவது பெரியவர்கள் கையால் ஏற்றித் தாருங்கள்.

இணைப்பு: ரோஜாவின் மருத்துவமனைச் சீட்டு நகல்.

இடம்: மேலேரிப்பாக்கம்
நாள்: 09.10.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) த. ரம்யா