தொட்டிக்குப் பின்னால் கிடந்த செருப்பு

மருமகளே,

சோறு மூடி வைத்திருக்கிறேன், முதலில் தின்னு.

உன் மகள் மாடியிலிருந்து குதித்தாள் என்கிறாள் ஒரு சிநேகிதி. வழுக்கி விழுந்தாள் என்கிறாள் இன்னொரு சிநேகிதி, அந்த டாக்டர் மகள். செத்த பிள்ளையோ என்னிடம் வந்து, "டாக்டர் மகதான் தள்ளுனா தாத்தா. என் ஒத்தைச் செருப்பைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வீசிட்டா" என்றாள். உயிரோடு இருப்பவர்கள் பேச்சையே நம்பாதவன், செத்தவள் பேச்சை நம்புவேனா? காலையில் மாடி ஏறிப் பார்த்தேன். செருப்பு அங்கேதான் கிடந்தது.

சாயங்காலம் டாக்டர் மகள் மறுபடி துக்கம் விசாரிக்க வருவாள். நம் வீட்டில் விழுந்து விழுந்து அழுத நீலிதான். உட்கார வைத்து இனிக்கப் பேசு. கதவைப் பூட்டிக்கொள், சாவி அரிசி டப்பாவில். செருப்பை ஜோடியாக அவள் நாற்காலிக்கு எதிரே வைத்திருக்கிறேன். அவள் முகம் போகிற போக்கை நன்றாகப் பார். நான் இன்ஸ்பெக்டரைக் கையோடு இழுத்து வருகிறேன். அதுவரை விடாதே.

இன்னொன்று. நேற்று, "பெத்தவகிட்ட வராதவ உங்ககிட்ட வருவாளா மாமா?" என்று கத்தினாயே, அதையும் ராத்திரி பிள்ளையிடம் கேட்டேன். "அம்மாவைப் பாத்தா அழுதுருவேன் தாத்தா. அழுதா கோபம் போயிரும். அவ மாட்டட்டும், அப்புறம் வர்றேன்" என்றாள்.