சலவைக் கம்பெனியில் ரோஸ்லின்

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெயசுதா வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விட்டுவிடாதே. போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் லீவில் ஊருக்கு வரும் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் துப்புரவுக் கம்பெனிக்குத் துணி வெளுத்துத் தரும் இடத்தில் யாரையாவது அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க, மேனேஜர் என்னையும் கூட்டிப்போனார். அங்கே நம் ராமாயி அத்தை மகள் ரோஸ்லின் நிற்கிறாள்! முதலாளி முன்னால் நல்லா இருக்கிறேன் என்றாள். அவர் நகர்ந்ததும், "வந்ததுலேர்ந்து வெளிய காலு வைக்க வுடல அக்கா, பாஸ்போர்ட்டயும் புடுங்கிகினாங்க" என்றாள்.

மேனேஜரிடம் சொன்னேன். மீட்டுவிடுவார் என்று நினைத்தேன். அந்த இடத்துக்குத் துணி போடுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். அவரும் கடலூர்க்காரர்தான். கேட்டால், "இன்னா பண்றது ஜெயசுதா, இப்ப அவங்க நம்ம சப்ளையரே இல்லியே" என்கிறார். இப்போது என்னையும் அங்கே உள்ளே விடுவதில்லை. புகார் சொல்வதற்கென்று இருக்கும் போன் எண்ணில் அவளே பேச வேண்டுமாம். அவளிடம் போன் ஏது?

இங்கே இந்தியத் தூதரகத்தில் காட்ட அவள் பாஸ்போர்ட் நகல் வேண்டும்; அத்தையிடம் இருந்தால், காரணம் சொல்லாமல் வாங்கித் தோழியிடம் கொடு. மணப்பட்டு நெத்திலிக் கருவாடும் கொஞ்சம். கம்பெனி வண்டி வந்துவிட்டது.

அவளைப் பார்த்தேனா என்று அத்தை கேட்பார்கள். பார்த்தேன், சிரித்தாள் என்று சொல். சிரித்தது உண்மைதான். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

உன் மகள்
ஜெயசுதா