காலால் தூக்க வேண்டிய கதவு

என்னங்க,

நீங்கள் வேலைக்குத் திரும்பிப் போனதும் இங்கே மழை பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் நாம் இருவருமாகக் கட்டிய இந்த வீட்டுக்கு, காசு கொடுத்துத் தங்கிப்போகும் விருந்தினர் வரத்து மட்டும் குறையவில்லை. நீங்கள் மாட்டிய பின்கதவைப் பற்றித்தான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. காலால் சற்றுத் தூக்கினால்தானே தாழ்ப்பாள் விழும்.

நேற்று ஒரு பெண் தனியாக வந்தாள். "இந்தப் பக்கமே இப்பதாங்க முதல் தடவை வர்றேன்" என்றாள். நான் டீயோடு வந்தபோது, செருப்பு நுனியால் கதவைத் தூக்கித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

போன மாதம் நான் அம்மா வீட்டில் இருந்தபோது, இங்கே தனியாக இருந்த நீங்கள் யாருமே வரவில்லை என்றீர்கள்.

அவளிடம் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

இன்று தச்சர் வந்து கதவைச் சரிசெய்துவிட்டார். இனி நீங்கள் வருவதானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விருந்தினர் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் இருப்பவள்