பேனாவால் எழுதிய வரி

கண்ணு,

முதல் பஸ்ஸை நான்தான் எடுக்கணும், கிளம்பிவிட்டேன். சாவி உன் காலேஜ் பையில்.

நேற்று உன் செலவு நோட்டைப் பார்த்து, "பரவாயில்லையே, மிச்சம் பிடிச்சிருக்கியே!" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். காலையில் மறுபடி பார்த்தேன். பஸ் பாஸ், ஜெராக்ஸ், போன் எல்லாம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பதினோரு நாளாக வெறும் கோடு.

"செலவைக் குறை"ன்னு போன மாசம் கத்தினது நான்தான். அதுக்காக வயிற்றைக் கட்டச் சொன்னேனா? அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய் இன்றைக்கே கேன்டீனில் சாப்பிடு.

அப்பா

பி.கு: நோட்டில் முதல் வரியாகச் சாப்பாட்டை எழுதியிருக்கிறேன். நீ பென்சிலில் எழுதி அழிக்கிற ஆள், அதனால் பேனாவால்.

இன்னொன்று: இதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நானும் டிப்போவில் சாப்பிட்டுவிட்டுத்தான் மதிய வண்டியை எடுப்பேன்.